எண்ணும் எண்ணமும்: பாலர் பள்ளி ஆசிரியைகளோடு சில வார்த்தைகள்

(நம் ஆலய மண்டபத்தில் தொடங்கிய பாலர் பள்ளி ஆசிரியர் பயிலரங்கின் முதல் நாளன்று ஆற்றிய உரை. பெருவிழா மலருக்காக எழுத்து வடிவில் தரப்படுகிறது.)



நான் கல்வியாளன் அல்லேன். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை பயின்று, பின்னர் தேசிய இடைநிலைப் பள்ளிக்குச் சென்று, அரசாங்க அலுவலகத்தில் கோப்புகளோடும் கணக்கு விவரங்களோடும் இருபது ஆண்டுகளுக்கு மேல் காலம் தள்ளியவன். இவ்வாலயத்தின் கல்விப் பிரிவுப் பொறுப்பை நான்கு ஆண்டுகளாக ஏற்றிருப்பதனால் மட்டுமே இம்மேடையில் நிற்கும் தகுதியைப் பெற்றிருக்கிறேன். அரசாங்க ஊழியன் கையில் ஒலிவாங்கி கிடைத்தால் எளிதில் விடமாட்டான் என்பார்கள். பொறுத்தருள வேண்டுகிறேன்.

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட வேண்டும். அது என் குற்றமே.

சென்ற ஆண்டு நம் பாலர் பள்ளியின் பரிசளிப்பு விழாவில், ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி இதே மேடையில் நின்று ஒன்று முதல் நூறு வரை தமிழில் தங்குதடையின்றி ஒப்புவித்தாள். மண்டபமே கைதட்டியது. நான் எழுந்து சென்று அவளுக்குச் சிறப்புப் பரிசு ஒன்றை என் கையாலேயே வழங்கினேன். "கணிதத்தில் சிறந்த குழந்தை" என்று ஒலிவாங்கியில் அறிவிக்கவும் செய்தேன். பிள்ளைகளுக்கு எண் பயிற்சித்தாள்களைக் கட்டுக்கட்டாக அச்சிட்டுத் தர ஏற்பாடு செய்தவனும் நானே.

அதன் பின்னர் திருக்கார்த்திகை வந்தது. மாலையில் பிள்ளைகள் பிரகாரத்தில் அகல் வைக்க வந்திருந்தார்கள். அதே சிறுமியிடம், "அம்மா, அந்தத் தாம்பாளத்திலிருந்து ஐந்து விளக்கு எடுத்து வா" என்றேன். ஓடிச் சென்றவள் இரு கை கொள்ளுமட்டும் அள்ளி வந்தாள். "எண்ணிப் பார்" என்றேன். விரலால் தொட்டுத் தொட்டு ஏழு வரை எண்ணினாள். "நான் எத்தனை கேட்டேன்?" என்றேன். "ஐந்து." "இது ஐந்தா?" என் முகத்தைச் சிறிது நேரம் பார்த்தாள். பிறகு, "ஆமாம், ஐந்து" என்றாள்.

நூறு வரை சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு ஐந்து என்றால் என்னவென்று தெரியவில்லை.

அவளுடைய ஆசிரியையும் அருகில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டம் கலைந்த பிறகு என்னிடம் வந்து, "ஐயா, இதை எப்படிச் சொல்லிக் கொடுப்பதென்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. எனக்கே கணக்கு என்றால் பயம்" என்றார். கண் கலங்கியிருந்தது. அவரை நான் குறைகூற முடியுமா? பன்னிரண்டு ஆண்டுகளாக நம் பிள்ளைகளுக்கு மூக்கு துடைத்துவிட்டு, சோறூட்டி, தேவாரம் சொல்லிக் கொடுத்து வரும் அம்மையார் அவர். அவருக்கு நாம் தந்ததெல்லாம் ஒரு வெண்பலகையும் பயிற்சித்தாள்களும்தாம். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. இந்தப் பயிலரங்கு தொடங்கியதன் காரணம் அதுவே.

எண்ணுதல் என்பது மிக எளிய செயல் என்று நாம் கருதுகிறோம். நமக்கு அது எளிதாகிவிட்டதால் அப்படித் தோன்றுகிறது. அமெரிக்க உளவியலாளர்களான ரோஷெல் கெல்மனும் கேலிஸ்டலும் 1978 ஆம் ஆண்டில் எழுதிய நூலில், எண்ணுதலுக்குள் ஐந்து கருத்துகள் அடங்கியிருப்பதை எடுத்துக்காட்டினர். ஒரு பொருளுக்கு ஒரு சொல் மட்டுமே. ஒன்றை விடவும் கூடாது, இருமுறை தொடவும் கூடாது. எண்களின் வரிசை மாறக்கூடாது. கடைசியாகச் சொன்ன எண்ணே மொத்தத் தொகை. விளக்கானாலும் வாழைப்பழமானாலும் மணியோசையானாலும் எண்ணலாம். இடமிருந்து தொடங்கினாலும் வலமிருந்து தொடங்கினாலும் தொகை மாறாது. நம் சிறுமிக்கு முதலிரண்டும் கைவந்திருந்தன. மூன்றாவதில் நின்றுவிட்டாள். "எத்தனை?" என்று கேட்டால், கடைசிச் சொல்லே விடை என்பது அவளுக்கு இன்னும் புலப்படவில்லை.

இது நம் பிள்ளையிடம் மட்டும் காணப்படும் குறையன்று என்பதைப் பின்னர்ப் படித்தறிந்தேன். கேரன் வின் என்னும் அறிஞர் 1990களின் தொடக்கத்தில் இதையேதான் ஆராய்ந்தார். "எனக்கு இத்தனை பொம்மை கொடு" என்று குழந்தைகளைக் கேட்டுப் பார்த்தார். பத்து வரை அழகாக எண்ணத் தெரிந்த பிள்ளைகளும் கைக்கு வந்ததை அள்ளிக் கொடுத்தார்கள். ஒன்று என்பதன் பொருள் முதலில் விளங்குகிறது. பல மாதங்கள் கழித்து இரண்டு. மீண்டும் மாதங்கள் கழித்து மூன்று. அதன் பிறகு ஒரு கட்டத்தில்தான் எல்லா எண்களுக்கும் இதே விதி பொருந்தும் என்று குழந்தைக்குப் புரிகிறது. ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். இந்த இடைவெளியில் குழந்தை சோம்பேறியும் அன்று, மந்தமும் அன்று. ஆசிரியை அதை அறிந்திருந்தால் காத்திருப்பார், அறியாவிட்டால் அதட்டுவார். பயிற்சி பெற்ற ஆசிரியைக்கும் பெறாத ஆசிரியைக்கும் உள்ள வேறுபாட்டை நான் இங்கேதான் காண்கிறேன்.

இதைப் படித்தபோது என் தாயாரின் நினைவு வந்தது. அவர் பள்ளி வாசலை மிதித்தவர் அல்லர். ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டினார். விடியற்காலையில் மரத்துக்கு ஒரு மங்காகக் கவிழ்த்து வைத்துக்கொண்டே நிரையில் நடப்பார். பள்ளி விடுமுறை நாள்களில் நானும் உடன் செல்வேன். கையில் மங்கு மிஞ்சினால் ஒரு மரம் விட்டுப்போயிற்று என்று பொருள். மங்கு போதாமற் போனால் எங்கோ இரண்டு வைத்துவிட்டோம் என்று பொருள். ஒன்றுக்கொன்று பொருத்துதல் என்று அறிஞர்கள் கூறும் கணிதக் கருத்தை நான் கற்றது கொசுக்கடிக்கு நடுவே, அந்த நிரையில்தான். ஒரு சொல்லும் சொல்லாமலே அவர் எனக்கு அதைக் கற்பித்துவிட்டார். ஆனால் இன்றைய நம் பிள்ளைகள் அடுக்குமாடி வீடுகளில் கைப்பேசித் திரையைப் பார்த்து வளர்கிறார்கள். அவர்களுக்கு மங்கும் இல்லை, நிரையும் இல்லை. அந்த அனுபவத்தை அவர்களுக்குத் திட்டமிட்டு அமைத்துத் தரவேண்டிய கடமை ஆசிரியைகளுடையதாகிவிட்டது.

நம் மொழி இதற்குச் செய்யும் உதவியை நாம் போதிய அளவு உணர்ந்திருக்கிறோமா என்பது எனக்கு ஐயமே. பதினொன்று என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள். பத்தும் ஒன்றும் உள்ளேயே இருக்கின்றன. பதின்மூன்று, பதினான்கு, இருபத்தொன்று, முப்பத்திரண்டு எல்லாமே அவ்வாறுதான். பத்து எத்தனை, ஒன்று எத்தனை என்பதைச் சொல்லே சொல்லிவிடுகிறது. அதுவும் எழுத்தில் இலக்கம் நிற்கும் அதே வரிசையில். ஆங்கிலத்தில் பதினொன்றையும் பன்னிரண்டையும் குறிக்கும் சொற்களில் பத்து ஒளிந்துகொண்டுவிடுகிறது. குழந்தைக்கு அது கண்ணில் படுவதில்லை. இந்தி பேசும் குழந்தை நூறு வரையிலான எண்களுக்கான சொற்களை ஏறத்தாழ ஒவ்வொன்றாகவே மனப்பாடம் செய்தாக வேண்டும். சீனமொழியின் எண்சொற்கள் நம்முடையதைவிடவும் ஒழுங்கானவை. அதனால் சீனக் குழந்தைகள் பத்துக்கு மேற்பட்ட எண்களை ஆங்கிலக் குழந்தைகளைவிட விரைவில் கற்பதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மலாய் மொழியிலும் பதினொன்று முதல் பத்தொன்பது வரை ஒரே ஒழுங்குதான். ஆகையால் நம் பிள்ளைக்குத் தமிழும் மலாயும் இரண்டு கைத்தடிகள்போல் உதவும்.

ஆனால் ஓரிடத்தில் தமிழ் காலை வாரிவிடும். ஆசிரியைகள் அதையும் அறிந்திருத்தல் நன்று. ஒன்பது என்ற சொல் இருபது, முப்பது ஆகியவற்றைப்போலப் 'பது' என்று முடிகிறது. ஆனால் அது பத்துகளைக் குறிப்பதன்று. எண்பதுக்குப் பின் ஒழுங்குப்படி வரவேண்டிய சொல் வராமல் தொண்ணூறு வருகிறது. அதனுள்ளே நூறு ஒலிக்கிறது. எண்பத்தொன்பதுக்குப் பின் நேரே நூறுக்குத் தாவும் பிள்ளைகளை நம் பள்ளியிலேயே நான் கண்டிருக்கிறேன். அது கவனக்குறைவன்று. மொழியின் ஒழுங்கைக் கண்டுபிடித்த பிள்ளைதான் அங்கே இடறும். அந்தப் பிள்ளையிடம் "தவறு" என்று சொல்லுமுன், "ஏன் அப்படிச் சொன்னாய், கண்ணு?" என்று கேட்டுப் பார்க்க வேண்டும் அல்லவா?

கேள்வி கேட்பதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் ஜீன் பியாஜே செய்த சோதனை ஆசிரியப் பயிற்சி பெற்ற எல்லாருக்கும் தெரிந்திருக்கும். இரண்டு வரிசைகளில் சம அளவு வில்லைகளை அடுக்குகிறோம். இரண்டும் சமமா என்று கேட்டால் குழந்தை ஆம் என்கிறது. பிறகு ஒரு வரிசையை மட்டும் அகல விரித்துவிட்டு மீண்டும் கேட்டால், விரிந்த வரிசையில்தான் அதிகம் என்கிறது. குழந்தைக்கு எண்ணின் நிலைபேறு இன்னும் விளங்கவில்லை என்பது பியாஜேயின் முடிவு. ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் 1970களில் மார்கரெட் டொனால்ட்சன் என்னும் அம்மையாரும் அவருடைய உடனாய்வாளரும் இதைச் சற்று மாற்றிச் செய்து பார்த்தார்கள். வில்லைகளைப் பெரியவர் நகர்த்தவில்லை. ஒரு குறும்புக்காரக் கரடிப் பொம்மை வந்து கலைத்துவிட்டதாக நடித்தார்கள். அதே வயதுப் பிள்ளைகள்! ஆனால் இம்முறை மிகப் பலர் "இப்போதும் சமம்தான்" என்றார்கள்.

காரணம் என்ன? பெரியவர் ஒருவர் வேண்டுமென்றே ஒன்றை மாற்றிவிட்டு அதே கேள்வியை மறுபடியும் கேட்டால், முதலில் சொன்ன விடை தவறு போலும் என்றுதான் குழந்தை எண்ணும். நான் கார்த்திகையன்று செய்ததும் அதுதானே! "இது ஐந்தா?" என்று முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு கேட்டேன். அவள் விளக்கை விட்டுவிட்டு என் முகத்தில் விடையைத் தேடினாள். எவ்வளவு அவளுக்குத் தெரியாது, எவ்வளவு என் கேள்வியால் கெட்டது என்பதை இன்றளவும் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. எனவேதான் இந்தப் பயிலரங்கின் பெரும்பகுதியைக் கேள்வி கேட்கப் பழகுவதற்கே ஒதுக்கியிருக்கிறோம். "எப்படிக் கண்டுபிடித்தாய்?", "வேறு வழியில் செய்யலாமா?", "உன் தோழிக்கு நீயே காட்டித் தருவாயா?" போன்ற கேள்விகளை விடை சரியாக இருக்கும்போதும் கேட்க வேண்டும். தவறு நேர்ந்தால் மட்டும் கேட்டால், "எப்படி?" என்ற சொல்லே பிள்ளைக்குத் தண்டனையாகிவிடும்.

அடுத்து, அந்த ஆசிரியை என்னிடம் சொன்ன பயத்தைப் பற்றி. இதைச் சொல்லத் தயங்கினேன். இங்கே அமர்ந்திருக்கும் சகோதரிகள் தவறாக எடுத்துக்கொள்ளலாகாது. சியான் பைலாக் என்பவரும் உடனாய்வாளர்களும் 2010 இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வு ஒன்று, முதலிரண்டு வகுப்புகளில் கற்பிக்கும் பெண் ஆசிரியர்களை ஆராய்ந்தது. கணக்கைக் கண்டு அஞ்சும் ஆசிரியையிடம் ஓராண்டு பயின்ற பெண்பிள்ளைகளில், "கணக்கு ஆண்பிள்ளைகளுக்கு உரியது" என்று நம்பத் தொடங்கியவர்கள் ஆண்டிறுதியில் கணிதத்தில் பின்தங்கியிருந்தார்கள். ஆண்பிள்ளைகளிடம் அந்தப் பாதிப்பு காணப்படவில்லை. ஆய்வு சிறியது, பதினேழு ஆசிரியைகள்தாம். அதை வைத்துக்கொண்டு தீர்ப்பு எழுதிவிட முடியாது. ஆயினும் அதைப் படித்தபோது என் தமக்கையின் முகம் எனக்குத் தோன்றியது. எங்கள் வீட்டில் கணக்கில் கெட்டிக்காரி அவர்தான். ஒரு நாள் வகுப்பில் ஒரு வாத்தியார், "பெண்பிள்ளைக்குக் கணக்கு எதற்கு, அடுப்படியில் அளக்கவா?" என்று எல்லாரும் சிரிக்கும்படி கேட்டுவிட்டார். அதன் பின் அக்காள் கணக்குப் புத்தகத்தைத் திறந்ததை நான் பார்க்கவில்லை. இன்று அவர் பேரப்பிள்ளைக்குப் பாடம் சொல்லித் தர அமர்ந்தால், "கணக்கை மட்டும் தாத்தாவிடம் கேள்" என்று எழுந்துவிடுகிறார்.

ஆசிரியைகளே, பயம் உங்கள் குற்றமன்று. யாரோ உங்களுக்குள் விதைத்தது. ஆனால் உங்களிடமிருந்து அது பிள்ளைக்குச் செல்லுமுன் அதை இம்மண்டபத்தில் இறக்கி வைத்துவிட்டுப் போக வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆகவே இங்கே முதலில் நீங்களே பிள்ளைகளாகிக் கணக்கு போடப்போகிறீர்கள். விரல்விட்டு எண்ணுவதற்கும் தடை இல்லை. நானும் உங்களோடு அமர்வேன்.

எதைக் கொண்டு கற்பிப்பது? விலை உயர்ந்த கருவிகள் வேண்டியதில்லை. கீதா ரமணி, ராபர்ட் சீக்லர் என்ற இரு ஆய்வாளர்கள் 2008 இல் வெளியிட்ட ஆய்வைப் படித்தபோது எனக்கு வியப்பும், கூடவே சிறிது பெருமையும் ஏற்பட்டன. ஒன்று முதல் பத்து வரை எண்கள் வரிசையாக எழுதப்பட்ட ஒரு விளையாட்டுப் பலகை. ஏழைக் குடும்பத்துப் பாலர்கள் அதில் காய் நகர்த்தி விளையாடினார்கள். இரண்டு வாரங்களில் மொத்தம் ஏறத்தாழ ஒரு மணி நேரமே விளையாட்டு. எண்ணறிவும், எது பெரிது எது சிறிது என்று ஒப்பிடும் திறனும் தெளிவாக உயர்ந்தன. ஒன்பது வாரங்கள் கழித்துச் சோதித்தபோதும் அந்த முன்னேற்றம் நிலைத்திருந்தது. எண்ணுக்குப் பதில் வண்ணங்கள் மட்டும் உள்ள பலகையில் விளையாடிய பிள்ளைகளிடம் அந்த வளர்ச்சி இல்லை. நம் பாட்டிமார் வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்க விரித்த பரமபதத்தின் தம்பிதான் அந்தப் பலகை!

ஆனால் விளையாடும் முறையில் ஒரு நுட்பம் உண்டு. காய் ஐந்தாம் கட்டத்தில் நிற்கிறது. கட்டையில் இரண்டு விழுகிறது. "ஒன்று, இரண்டு" என்று சொல்லி நகர்த்தினால் பெரிய பயன் இல்லை. "ஆறு, ஏழு" என்று கட்டத்தில் உள்ள எண்ணைச் சொல்லி நகர்த்த வேண்டும். ஐந்தோடு இரண்டு சேர்ந்தால் ஏழு என்ற கூட்டல் அங்கே தானாகவே பிறக்கிறது. பெற்றோர்களே, இதை இன்றிரவே உங்கள் வீட்டிலும் செய்து பார்க்கலாம். நம் பரமபதம் பாம்பும் ஏணியுமாக வளைந்து வளைந்து செல்வதால் பாலருக்குச் சற்றுக் குழப்பம் தரும். அவர்களுக்குப் பத்துக் கட்டங்கள் உள்ள ஒரே நேர்வரிசை போதும். பாம்பு வேண்டுமென்று பிள்ளைகள் கேட்டால் ஒன்றே ஒன்று வரைந்து கொடுங்கள்.

பல்லாங்குழி நமக்கும் உண்டு. மலாய்க்காரர் வீட்டில் சோங்காக் என்ற பெயரில் அதன் உடன்பிறப்பு உண்டு. குழிக்கு ஒரு முத்தாக இட்டுச் செல்வது என் தாயார் மங்கு வைத்த அதே செயல். கோலமோ பெருங்கடல். சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் 1970களில் நம் கோலங்களைக் கணித ஆராய்ச்சிக்குரிய பொருளாக்கிக் கட்டுரைகள் எழுதினார்கள் என்பதை எத்தனை பேர் அறிவோம்? நான்கு வயதுப் பிள்ளைக்கு அந்த ஆழம் வேண்டாம். நடுவில் மூன்று புள்ளி, மேலும் கீழும் இடுக்கில் இரண்டிரண்டு புள்ளி; மொத்தம் ஏழு. "எண்ணாமலே எப்படி ஏழு என்று தெரிந்தது?" என்று கேட்டால், ஒருத்தி "மூன்றும் நான்கும்" என்பாள், இன்னொருவன் "நடுவில் ஒன்று, சுற்றி ஆறு" என்பான். இருவரும் சரியே. அர்ச்சனைத் தட்டு அடுக்கும்போது, தட்டுக்கு இரண்டு பழம் வீதம் நான்கு தட்டுக்கு எத்தனை என்று கேட்டால், வாய்ப்பாடு அறியாத பிள்ளையும் விடையைக் கண்டுபிடித்துவிடும். வடிவங்கள், அளவுகள் பற்றி அடுத்த அமர்வுகளில் வல்லுநர்கள் பேசுவார்கள் என்பதால் அவற்றை இங்கே விடுத்துச் செல்கிறேன்.

ஆசிரியைகளைப் பயிற்றுவிப்பது புதிய எண்ணமும் அன்று. 1907 இல் உரோமை நகரில் ஏழைப் பிள்ளைகளுக்கென முதற்பள்ளியைத் தொடங்கிய மரியா மாண்டிசோரி அம்மையார், 1939 இல் சென்னை அடையாற்றுக்கு வந்தார். உலகப்போர் மூண்டதால் 1946 வரை இந்தியாவிலேயே தங்கி, ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். பொன்மணிக் கோவைகளால் பத்தையும் நூறையும் ஆயிரத்தையும் பிள்ளையின் கையிலேயே கொடுத்தார்: ஒரு மணி, பத்து மணிக் குச்சி, நூறு மணிச் சதுரம், ஆயிரம் மணிக் கனசதுரம். ஆயிரத்தைத் தூக்கிப் பார்த்த பிள்ளை அதன் கனத்தை மறக்காது. அவருடைய கதிர்ப்பெட்டியில் சுழியத்துக்கென ஓர் அறை உண்டு. அதில் ஒன்றும் இடக்கூடாது. 'ஒன்றுமில்லை' என்பதையும் ஓர் எண்ணாகக் காட்டிய அந்த அறையை எண்ணி நான் பலமுறை வியந்ததுண்டு.

இனி நம் நாட்டு நிலை. 1996 ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் பாலர் பள்ளிக் கல்வியைத் தேசியக் கல்வி அமைப்பின் ஒரு பகுதியாக்கியது. தேசியப் பாலர் பள்ளிக் கலைத்திட்டம் 2003 இல் நடைமுறைக்கு வந்து, 2010 இல் தர அடிப்படையில் மாற்றியமைக்கப்பட்டு, 2017 இல் திருத்தம் கண்டது. தொடக்கநிலைக் கணிதம் அதில் இடம்பெற்றிருக்கிறது; விளையாட்டு வழிக் கற்றலையும் அது வலியுறுத்துகிறது. 2013 முதல் 2025 வரைக்குமான கல்விப் பெருந்திட்டம், பாலர் பள்ளி ஆசிரியர் அனைவரும் 2020க்குள் டிப்ளோமாத் தகுதியேனும் பெற்றிருக்க வேண்டும் என்று இலக்கு வைத்தது. தாளில் குறையில்லை. நம்மைப் போன்ற ஆலயப் பாலர் பள்ளிகளில் பணியாற்றும் சகோதரிகள் எத்தனை பேருக்கு அந்தத் தகுதியைப் பெற நேரமும் பணமும் இருந்தன? அவர்களுக்கு நாம் தரும் சம்பளத்தை இந்த ஒலிவாங்கியில் சொல்ல எனக்கு நா எழவில்லை. செயலவையினருக்குத் தெரியும்.

ஆறு நெடுங்கால ஆய்வுகளின் தரவுகளைக் கொண்டு கிரெக் டங்கனும் குழுவினரும் 2007 இல் வெளியிட்ட ஆய்வு, பள்ளியில் சேரும்போது பிள்ளைக்கு உள்ள கணித அறிவே பிற்காலக் கல்வி அடைவை மிக வலுவாக முன்னறிவிப்பதாகக் கண்டது. வாசிப்புத் திறன்கூட அதற்கு அடுத்த இடமே. ஒன்று மற்றொன்றை முன்னறிவிக்கிறது என்பதாலேயே அதுவே காரணம் என்று முடிவுகட்டிவிட முடியாது. அலுவலகத்தில் புள்ளிவிவரம் பார்த்துப் பழகியவன் என்ற முறையில் அதை நான் சொல்லியாக வேண்டும். ஆனாலும் முதலாம் ஆண்டு வகுப்பில் "எனக்குக் கணக்கு வராது" என்று ஏற்கெனவே முடிவு செய்துவிட்டு அமரும் பிள்ளையைத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் எவரும் கண்டிருப்பார்.

பெற்றோர்களிடம் ஒரு வார்த்தை. சில மாதங்களுக்கு முன் நம் பாலர் பள்ளியில் பயிற்சித்தாள்களைக் குறைத்தோம். புளியங்கொட்டையும் சோழியும் பலகையும் வகுப்புக்கு வந்தன. மூன்றாம் வாரமே ஒரு தாயார் தம் பிள்ளையை நிறுத்திவிட்டார். "காசு கட்டி விளையாட அனுப்பவா?" என்று கேட்டார். அவரை நான் குறை சொல்லேன். பையில் தாள் இருந்தால் பிள்ளை படித்ததற்குச் சான்று. வெறும் பையைப் பார்த்தால் எந்தத் தாய்க்கும் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். அந்தத் தாயாருக்குச் சான்று எதையும் காட்டத் தவறியது நாங்கள்தாம். அவருக்குப் பின் மேலும் இரண்டு பிள்ளைகள் நின்றார்கள். செயலவைக் கூட்டத்தில், பழையபடி தாள்களுக்கே திரும்பிவிடலாம் என்று சிலர் கூறினார்கள். கணக்குப் பார்த்தால் அவர்கள் கூறியதிலும் நியாயம் உண்டு. மூன்று பிள்ளைகளின் கட்டணம் நம் பள்ளிக்குச் சிறு தொகையன்று. ஓராண்டு அவகாசம் தாருங்கள் என்று நான் கேட்டேன். தலைவர் இசைந்தார். அந்த ஓராண்டு இன்று தொடங்குகிறது.

அதற்காக மூன்று கோரிக்கைகளைச் செயலவையின் முன்னும் பக்தர்கள் முன்னும் வைக்கிறேன். மாதம் ஒரு சனிக்கிழமை காலை ஆசிரியைகள் இங்கே கூடுவார்கள். ஒரே நாளில் பேசிக் கலைந்து சான்றிதழ் பெறும் பயிலரங்கால் பயன் விளையாது. வகுப்பில் செய்து பார்த்து, இடறி, அதை வந்து பேசி, மீண்டும் செய்வதற்குப் பன்னிரண்டு சந்திப்புகளாவது வேண்டும். அந்நாளுக்குரிய படியை ஆசிரியைகளுக்கு ஆலயம் வழங்க வேண்டும். சேவை என்று சொல்லி அவர்களுடைய சனிக்கிழமையையும் பறித்துக்கொள்வது முறையாகாது. பெருவிழாக் காலத்தில் வாணவேடிக்கைக்கென ஓர் உபயம் இருக்கிறது. அந்த உபயக்காரரிடம் நான் பேசியிருக்கிறேன். பாதியை இதற்குத் திருப்பிவிட அவர் மனம் இசைந்திருக்கிறார். இதே மண்டபத்தில் அவருக்கு என் நன்றி. இன்னும் இருவர் முன்வந்தால் ஓராண்டுக்குப் போதும். மூன்றாவதாக, இவ்வாண்டுப் பரிசளிப்பு விழாவில் நூறு வரை ஒப்புவிக்கும் அங்கத்தை எடுத்துவிட வேண்டும். அதற்குப் பதிலாகப் பிள்ளைகள் பலகை விளையாடுவதையும் புள்ளி அடுக்குவதையும் பெற்றோர் அருகில் அமர்ந்து பார்க்கட்டும். கைதட்டல் குறையும் என்பது எனக்குத் தெரியும்.

ஆசிரியைகளுக்கு இந்த மாதத்து வேலை ஒன்றே. உங்கள் வகுப்பில் ஒரே ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுங்கள். பத்து நிமிடம் அதனருகில் அமருங்கள். விளக்கோ, கொட்டையோ, எதுவாயினும் சிலவற்றை வைத்து, "எனக்கு மூன்று கொடு", "எனக்கு ஐந்து கொடு" என்று கேளுங்கள். திருத்த வேண்டாம். பிள்ளை என்ன செய்தது, என்ன சொன்னது என்பதை அப்படியே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள். எழுத்துப்பிழை பற்றிக் கவலை வேண்டாம். அதை யாரும் மதிப்பிடப் போவதில்லை.

கார்த்திகையன்று என் எதிரே நின்ற சிறுமி இன்னும் நம் பள்ளியில்தான் பயில்கிறாள். அவளுடைய ஆசிரியை அவளோடு நாள்தோறும் சற்று நேரம் அமர்கிறார். சென்ற வாரம் நான் சென்றிருந்தபோது அவள் நான்கு வரை சரியாக எடுத்துக் கொடுத்தாள். ஐந்து கேட்டபோது ஆறு வந்தது. கையை நீட்டிய பிறகு தானே ஒன்றைத் திரும்ப எடுத்துக்கொண்டு, "இது வேண்டாம், இது ஆறாவது" என்றாள். ஆசிரியை என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் எழுதி வைத்திருக்கும் குறிப்பேட்டைத்தான் இன்றைய முதல் அமர்வில் நீங்கள் கேட்கப் போகிறீர்கள். அவரை மேடைக்கு அழைக்கிறேன்.